பச்சை ஒயர் எங்கே போகிறது

ஒரு சுவிட்ச் மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் ஆள் வருவார், மாற்றுவார், போவார். குக்கர் இரண்டாவது விசில் அடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். நான் டீச்சர் வேலைக்குப் போன மலையூரான செம்மேட்டில் எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதில் வேலை ஐந்து நிமிடம். மீதி எல்லாம் எழுத்து.

அந்த ஊர் வயர்மேன் எழுதுவார். எதைச் செய்தாலும் எழுதுவார். வரி போட்ட நோட்டில் இரண்டு கார்பன் தாளைச் செருகி, முழங்காலில் வைத்துக்கொண்டு, பேனாவை அழுத்தி அழுத்தி எழுதுவார். எந்த அறை, எந்தச் சுவிட்ச், பழையது ஏன் கெட்டது, புதியது எத்தனை ஆம்பியர், சோதித்தபோது என்ன தெரிந்தது, இன்னும் சரிசெய்யாமல் கிடப்பது என்ன. கீழே லைசன்ஸ் எண், அவர் கையெழுத்து. அப்புறம் நம் கையெழுத்து. ஒரு தாள் வீட்டுக்கு, ஒன்று அவருக்கு, ஒன்று கரண்ட் ஆபீசுக்கு.

"சுவிட்ச் மாத்துறதுக்கெல்லாம் ஆபீஸ்ல சொல்லணுமா அண்ணாச்சி?" என்று முதல் நாளே கேட்டேன்.

"வேண்டியதில்லீங்க டீச்சர். பல்பு, ஃபேன், சுவிட்ச் இதெல்லாம் இருக்கறதை எடுத்துட்டு அதே மாதிரி வெக்கிறது. அதுக்குச் சட்டமே விலக்கு குடுத்துருக்குதுங்க. புதுசா லைன் இழுத்தாத்தான் டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் குடுக்கோணும். லோடு கூடுனா ஆபீஸ்ல சொல்லோணும்."

"பிறகு எதுக்கு எழுதுதீங்க?"

"சட்டம் கேக்கலீங்க. நாளைக்கு நீங்க கேட்டீங்கன்னா?"

நான் கேட்கவே மாட்டேன் என்று சொன்னேன். அதையும் எழுதிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

மலையடிவாரச் சேந்தமங்கலத்துக்காரர். விவசாயக் குடும்பம். நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு, வயர்மேன் லைசன்ஸ் வாங்கி மலைக்கு மேலே வந்து தங்கிவிட்டவர். அப்போது ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியின் ஒரு பக்கக் காலில் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். தோளில் ரெக்சின் பை. அதற்குள் தனியாக ஒரு துணிப்பையில், கைப்பிடியைச் சுற்றி ஒயரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கிற மெக்கர் பெட்டி. அதைத் தரையில் வைக்க மாட்டார். நாற்காலி கேட்பார். அவர் நின்றுகொண்டிருப்பார், பெட்டி உட்கார்ந்திருக்கும்.

வேலை தொடங்குமுன் மெயின் சுவிட்சை அவர் தொடமாட்டார். வீட்டில் இருப்பவரைக் கூப்பிட்டு அணைக்கச் சொல்வார். முடிந்ததும் அவரையே போடச் சொல்வார். "உங்க ஊட்டு மெயினு எங்க இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியோணுமுங்க" என்பார். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தாலும் நாம் போய் நிற்கவேண்டும். அப்புறம் சுவிட்ச் பலகைக்குப் பலகை போய், ஒவ்வொரு பிளக்கிலும் அதே கேள்வி. "இந்தப் பச்சை ஒயரு எங்க போகுதுங்க?"

யாருக்குத் தெரியும்? பச்சை ஒயர் என்றால் எர்த். அது எங்கேயோ மண்ணுக்குள் போகிறது. அதற்கு மேல் வீட்டில் இருக்கிற பெண்களுக்கும் தெரியாது, ஆண்களுக்கும் தெரியாது. அவர் மட்டும் அதன் பின்னாலேயே சுவரைச் சுற்றி, சந்து வழியாக, கோழிக்கூட்டைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

அதனால் செம்மேட்டில் ஒரு வழக்கமே உண்டாகிவிட்டது. அவர் வருகிறார் என்றால் காலண்டர் இடம் மாறும். திருட்டுத்தனமாக இழுத்த ஒயர், உடைந்த பிளக், நேராகச் செருகிய கம்பி எல்லாவற்றின் மேலும் காலண்டர் தொங்கும். மளிகைக்கடைக்காரர் ஃப்ரிட்ஜ் ஒயரை அரிசி மூட்டைக்குப் பின்னால் மறைத்தார். இவர் மூட்டையை நகர்த்தினார். அன்று எழுதிய தாளில் மூட்டையைப் பற்றியும் ஒரு வரி இருந்ததாம்.

எங்கள் பள்ளி ஆண்டு விழாவையும் அவர் விட்டுவைக்கவில்லை. சீரியல் லைட்டுக்கும் மைக்குக்கும் எடுத்த லைனை அவர் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். அவர் பார்த்தார். பந்தல் கம்பிமேல் ஒயர் கிடந்தது. மாட்டேன் என்றுவிட்டார். ஹெட்மாஸ்டர் கெஞ்சினார், அதட்டினார், கடைசியில் பேச்சை நிறுத்திக்கொண்டார். விழாவை மத்தியானமே முடித்தோம். பிள்ளைகள் வெயிலில் ஆடி, பவுடர் கழுத்து வழியாக ஓடியது. அவர் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். அவரை எழுப்பி வெளியே அனுப்பலாமா என்று இருந்தது.

இதெல்லாம் ஊர்க்கதை. என் கதை கீசரில் தொடங்கியது.

பிரசவ விடுப்பு முடிந்து ஏழு மாதக் குழந்தையோடு நான் திரும்பி வந்த வருடம். கணவருக்குத் தூத்துக்குடியில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி வருவார். நான் பள்ளிக்குப் போகும்போது குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார். அந்த அக்கா இருந்ததால்தான் நான் அங்கே இருந்தேன். அந்த வீடு போனால் வேறு வீடு கிடையாது. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் மூன்று தெருவுக்குள் வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். வீடு போனால் குழந்தையை என் அம்மாவிடம் அனுப்பிவிட்டு நான் தனியாக ஏதாவது அறையில் இருக்கவேண்டும். பால்குடி மறக்காத பிள்ளை.

வீட்டுக்காரர் அதே முற்றத்தில்தான் குடியிருந்தார். மலைமேலேயே தேவனூர் நாடு என்கிற பகுதியில் அவருக்கு மிளகும் காப்பியும் உண்டு. நல்ல மனிதர், ஆனால் ஒரு கண்டிப்பு. சாவி தரும்போதே சொல்லிவிட்டார். "எங்கிட்டக் கேக்காம இந்த ஊட்டுல ஒரு வேலையும் செய்யக் கூடாதுங்க டீச்சர். முன்னாடி இருந்தவரு கேக்காம சுவத்தை ஒடைச்சாரு. அடுத்த வாரமே காலி பண்ணச் சொல்லிட்டேன்."

மார்கழி வந்தது. காலையில் தண்ணீரைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். கணவர் நாமக்கல்லில் ஒரு கீசர் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். வீட்டுக்காரர் சம்மதத்தோடு பிளம்பரை வைத்துக் குளியலறையில் மாட்டித் தண்ணீர் இணைப்பும் கொடுத்தாயிற்று. கரண்டு கொடுப்பதுதான் பாக்கி. அதற்கு அவரைக் கூப்பிட்டேன். வேறு யாரைக் கூப்பிட?

நாற்காலி கேட்டார். பெட்டியை உட்காரவைத்தார். பச்சை ஒயரின் பின்னால் போனார். அரைமணி நேரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது முகம் சரியில்லை.

"இந்த ஊட்டுல எர்த் இல்லீங்க டீச்சர்."

குளியலறைக் குழாயின் இரும்புத் துண்டு சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பச்சை ஒயர் வந்து அதில்தான் கட்டியிருந்தது. ஒரு காலத்தில் அந்த இரும்புக் குழாய் மண்ணுக்குள் வெகுதூரம் போனதாம். கரண்டு கசிந்தால் அதன் வழியே மண்ணில் இறங்கிவிடும். பிறகு வீட்டுக்காரர் மேலே ஊற்றிலிருந்து கறுப்புப் பிளாஸ்டிக் ஓஸ் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். இரும்புக் குழாயைப் பிடுங்கி எடைக்குப் போட்டுவிட்டு, மிச்சம் இருந்த முழத் துண்டில் ஓஸைச் செருகிவிட்டார். பச்சை ஒயர் அப்படியே அந்தத் துண்டில் நின்றுவிட்டது. இப்போது வீட்டில் எங்கே கசிந்தாலும் அது மண்ணுக்குப் போகாது. குளியலறைக் குழாய்க்கு வரும்.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் கோபமாகத் தன் வீட்டுக்குள் போய் ஒரு பழைய தாளைக் கொண்டுவந்து நீட்டினார்.

"ஏப்பா, நீயே எழுதிக் குடுத்ததுதானே இது? எர்த் சரின்னு போட்டுருக்குது, பாரு. உன் கையெழுத்துத்தானே?"

அவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அந்தத் தாளை முழுக்கப் படித்தார். ஒருமுறை அல்ல, இரண்டு முறை.

"என்னுதுதானுங்க. நான்தான் பைப்புல கட்டுனேன். அப்ப அப்படித்தான் கட்டுவோம். தப்புங்க. தனியாக் குழி எடுத்துப் போட்டிருக்கோணும்."

"அப்ப இப்ப என்ன பண்ணோணும்கிற?"

"குழி எடுக்கோணுமுங்க. முத்தத்துல."

முற்றம் முழுக்கக் காப்பிக்காய் காய்ந்துகொண்டிருந்தது. பொங்கல் கழியட்டும், அதுவரை யாரும் களத்தில் மண்வெட்டி போடக்கூடாது என்று வீட்டுக்காரர் போய்விட்டார். குழி இல்லாமல் கரண்டு கொடுக்கமாட்டேன் என்று இவரும் போய்விட்டார். போகுமுன் மூன்று தாள் எழுத மறக்கவில்லை. நடுவில் நானும், கரண்டு இல்லாத கீசரும், சளி பிடித்த குழந்தையும் நின்றோம்.

நாலு நாள் அவரைத் துரத்தினேன். பள்ளிக்குப் போகிற வழியில் நிறுத்தி, "பிள்ளைக்குச் சளி அண்ணாச்சி, ஒரு மாசத்துக்கு மட்டும் போட்டுக் குடுங்க" என்றேன்.

"கண்ணுக்குச் சளின்னாத் தண்ணியை அடுப்புல காய வையுங்க டீச்சர். கேஸ் தீந்தா நான் வாங்கியாந்து தர்றனுங்க." குழந்தையைக் கண்ணு என்றுதான் சொல்வார்.

கேஸ் வாங்கித் தருவாராம்! ஒரு ஒயரைச் செருகமாட்டாராம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் குடும்பத்தோடு தேவனூர் நாட்டுக்குக் காப்பி பறிக்கப் போயிருந்தார். சேந்தமங்கலத்திலிருந்து ஒருவரை போனில் வரவழைத்தேன். லைசன்ஸ் உண்டா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கீசரிலிருந்து ஒரு ஒயர், அதன் முனையில் பிளக், படுக்கையறைச் சாக்கெட்டில் செருகினார். பத்து நிமிடம். ஒரு தாளும் இல்லை. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? வேண்டாதபோது ஒயரைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்வேன். குழந்தை சுடுதண்ணீரைக் கையால் அடித்துச் சிரித்தது. மனசுக்குள் அவரை நன்றாகத் திட்டினேன்.

ஒன்பதாம் நாள் காலை குழந்தையைத் தொட்டியில் உட்காரவைத்துவிட்டுக் குழாயைத் திறந்தேன். கையை யாரோ பிடித்துச் சுண்டியதுபோல இருந்தது. தோள்வரை ஏறியது. பின்னால் போய் விழுந்தேன். குழந்தை தொட்டியிலிருந்து அந்தக் குழாயை நோக்கித்தான் கையை நீட்டிக்கொண்டிருந்தது.

தூக்கிக்கொண்டு ஓடினேன். மெயினை அணைத்தேன். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அப்புறம் செய்ததை இப்போது சொல்கிறேன். ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி டிரங்குப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். அதற்குப் பிறகுதான் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு அவருக்குச் சொல்லியனுப்பினேன்.

ஓடி வந்தார். எப்போதும் நிதானமாக வருகிற மனிதர் மூச்சிரைக்க வந்து, முதலில் குழந்தையைத்தான் பார்த்தார். அதன் உள்ளங்கை இரண்டையும் விரித்துப் பார்த்தார். சத்தம் கேட்டு வீட்டுக்காரரும் வந்துவிட்டார்.

"ஷாக் அடிச்சப்ப ஊட்டுல என்னங்க ஓடிட்டு இருந்துது?" என்று மெக்கரை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"அயர்ன் பாக்ஸ்" என்றேன்.

அயர்ன் பாக்ஸைச் சோதித்தார். நன்றாக இருந்தது. மிக்ஸி, ஃப்ரிட்ஜ், ஃபேன், ஒவ்வொரு பலகை, ஒவ்வொரு ஒயர். பகல் முழுக்க மெக்கரைச் சுற்றினார். எல்லாம் நன்றாக இருந்தன. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கீசரைச் சோதிக்க அவருக்குத் தோன்றவில்லை. அதுதான் கரண்டே கொடுக்காதது ஆயிற்றே.

"வேற ஏதாச்சும் போட்டிருந்தீங்களா டீச்சர்? நல்லா நெனைச்சுப் பாருங்க."

வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல அண்ணாச்சி" என்றேன்.

அன்று சாயங்காலம் அவர் எழுதிய தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன். கசிவு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, எர்த் நான் பைப்பில் கட்டியது, அது சரி என்று சான்று கொடுத்ததும் நான், பொறுப்பு என்னுடையது என்று எழுதியிருந்தார். அதோடு விட்டாரா? தான் பைப்பில் எர்த் கட்டிய மற்ற வீடுகளையெல்லாம் பழைய நோட்டுகளிலிருந்து எடுத்து, வரிசையாக எழுதி, அத்தனை சான்றும் செல்லாது என்று மறுநாள் கரண்ட் ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தார். கொடுத்ததற்கு முத்திரையும் வாங்கிக்கொண்டார். எவனாவது தன் வாயால் தன் பிழைப்பைக் கெடுத்துக்கொள்வானா?

பயந்துபோன வீட்டுக்காரர் காப்பியை வாரிவிட்டு முற்றத்தில் குழி எடுக்கச் சொன்னார். மூன்றாம் நாள் கம்பி இறங்கி, உப்பும் கரியும் போட்டு மூடி, எர்த் சரியாயிற்று. கசிந்தால் தானே அணைகிற டிரிப்பரும் வைத்தார். இனிக் கீசருக்குக் கரண்டு கொடுக்கலாம். கொடுக்குமுன் அவர் வழக்கப்படி மெக்கரை வைத்துச் சுற்றினார்.

முள் கசிவைக் காட்டியது. கைப்பிடி நின்றது. மறுபடி சுற்றினார். ஸ்குரூவைக் கழற்றி, கீசரில் தண்ணீரைச் சூடாக்குகிற காயிலை வெளியே எடுத்தார். கறுத்து வெடித்திருந்தது. ஒருநாள் ஊற்று ஓஸ் கழன்று தண்ணீர் வராதபோது நான் கவனிக்காமல் கீசரைப் போட்டுவைத்திருக்கிறேன். தண்ணீர் இல்லாமல் எரிந்திருக்கிறது. அவர் கணக்கில் ஒருநாளும் கரண்டு கொடுக்காத கீசர்.

"என்னப்பா அது?" என்றார் வீட்டுக்காரர்.

"காயில் போயிருச்சுங்க."

"புதுசுலயேவா? கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்."

அவர் காயிலைத் தரையில் வைத்தார். நோட்டை எடுத்தார். கார்பன் செருகினார். கீசர் காயில் எரிந்துள்ளது, மாற்ற வேண்டும் என்று எழுதினார். பேனாவை அந்த வரியின் முடிவிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நான் பாத்ததைத்தானுங்க எழுதலாம். நெனைக்கறதை எழுதக் கூடாது. டீச்சர் ஏதாச்சும் சொன்னீங்கன்னாச் சேத்து எழுதிக்கிறேன்."

குழந்தை என் இடுப்பில் இருந்தது. "ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றேன். அவர் முற்றுப்புள்ளி வைத்துவிட்டுத் தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் கரண்ட் ஆபீசிலிருந்து ஒரு என்ஜினியர் வந்தார். பொறுமையான மனிதர். அன்றைக்கு வேறு ஏதாவது ஓடிக்கொண்டிருந்ததா, வெளியாள் யாராவது வேலை செய்தார்களா என்று என்னைக் கேட்டார். மூன்றாவது முறையாக இல்லை என்றேன். அவர் முன்னால் இருந்ததெல்லாம் ஒருவர் தானே எழுதிக்கொடுத்த குற்றம் மட்டும்தான். விசாரணை முடியும்வரை வயர்மேனின் லைசன்ஸை நிறுத்திவைத்தார்கள். அதற்குப் பிறகும் அவர் வீடு வீடாகப் போனார். வேலைக்கு அல்ல. பைப்பில் இருக்கிற எர்த்தைக் காட்டி, லைசன்ஸ் உள்ள வேறு ஆளை வைத்துக் குழி எடுங்கள் என்று சொல்வதற்கு. சிலர் கதவையே திறக்கவில்லை.

கீசர் ஓடியது என்று கரண்ட் ஆபீசுக்கு அரைப் பக்கம் நான் எழுதியிருந்தால் போதும். வீடு போய்விடும் என்று எழுதவில்லை. பிள்ளையைப் பிரியவேண்டும் என்று எழுதவில்லை. அடுத்த ஆண்டு எனக்கு மாற்றல் வந்தது. சாவியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, சாமான் லாரியில் ஏறியாயிற்று. அன்றைக்கு அந்தச் சாக்கும் இல்லை. அன்றும் எழுதவில்லை.

அன்று செம்மேடு பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். தோளில் பை இல்லை. அண்ணன் நிலத்தில் மரவள்ளி பிடுங்க ஆள் பற்றவில்லை, கீழே போகிறேன் என்றார். குழந்தையின் கன்னத்தைத் தட்டினார்.

"போற ஊருல கண்ணுக்குச் சுடுதண்ணி இருக்குதுங்களா டீச்சர்?"

"இருக்கு அண்ணாச்சி."

"நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு, எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, அவர் பின்னால் போய் நின்றுகொண்டார். எழுபது வளைவும் நின்றுகொண்டே வந்தார்.

ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா அந்த மனிதர்? திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிச் சண்டை போட்டிருப்பேன். அத்தோடு முடிந்திருக்கும்.